வென் மன்னன் வரிசை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: குறி பார்க்கப் பயன்படும் பழைய சீன நூலான யி ஜிங்கின் 64 உருவங்களும் ஒழுங்காக அடுக்கியவையா, அள்ளித் தெளித்தவையா?

பதில்: ஒரு தாளில் கீழிருந்து மேலாக ஆறு கோடு போடுங்கள்: ஒரு முழுக்கோடு, மூன்று உடைந்த கோடு, மறுபடி ஒரு முழுக்கோடு, உச்சியில் உடைந்தது ஒன்று. இது 3ஆம் உருவம். தாளைத் தலைகீழாக்குங்கள், 4ஆம் உருவம் கிடைத்துவிடும். நூலில் இவை வரும் வழக்கமான வரிசைக்கு வென் மன்னன் வரிசை என்று பெயர்; அது இப்படி ஜோடி ஜோடியாகவே போகிறது. எட்டு உருவங்கள் மட்டும் தலைகீழானாலும் மாறுவதில்லை. அவற்றுக்கு, முழுக்கோடும் உடைந்த கோடும் இடம் மாறிய எதிருருவே துணை. ஆக 28 ஜோடி ஒரு வகை, 4 ஜோடி இன்னொரு வகை.

கேள்வி: ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் இதைப் பார்த்துத்தானே இரும எண்களை (0, 1 மட்டும் கொண்ட எண்முறையை) கண்டுபிடித்தார்?

பதில்: இல்லை. 1679லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். பூவே பாதிரியார் சீனாவிலிருந்து அனுப்பிய 64 உருவங்களின் படம் அவர் கைக்கு வந்தது 1703இல். அதுவும் வென் வரிசை அல்ல, சீன அறிஞர் ஷாவோ யோங்கின் வரிசை.

கேள்வி: வேலையை விடலாமா என்று பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: வீட்டில் கேளுங்கள். நான் கோடு எண்ணுகிறவன்.

கேள்வி: நூலின் முதல் பாகத்தில் 30 உருவங்கள், இரண்டாவதில் 34. இதுவா சமச்சீர்?

பதில்: நல்ல கேள்வி. தலைகீழ் ஜோடியை ஒரே படமாக எண்ணுங்கள். முதல் பாகத்தில் மாறாதவை 6, ஜோடிகள் 12. இரண்டாவதில் மாறாதவை 2, ஜோடிகள் 16. இரண்டிலும் 18 படங்கள்!

கேள்வி: மரபணுக் குறியீட்டிலும் 64 இருக்கிறதே?

பதில்: சதுரங்கப் பலகையிலும் இருக்கிறது. எண் ஒத்துப்போனால் உறவு என்று ஆகிவிடாது.

கேள்வி (18 பற்றிக் கேட்டவரே): அப்படியானால் முழு வரிசைக்கும் ஒரு சூத்திரம் இருந்தாக வேண்டும். ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சரியாக ஐந்து கோடுகள் மாறும் இடமே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான், ஆனால் பாதி வியப்பை விட்டுவிடுங்கள். ஜோடிக்குள் மாறும் கோடுகள் எப்போதும் இரட்டைப்படை, எனவே 32 இடங்களில் ஐந்து வரவே முடியாது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையில் உள்ள மிச்சம் 31 இடங்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேள்வி (மறுபடியும் அவரே): இருந்தாலும் இதுதான் இயற்கையான ஒரே வரிசை.

பதில்: சீனாவின் மாவாங்டுயியில் 1973இல் கிடைத்த யி ஜிங் பட்டுச்சுவடி கி.மு. 168இல் மூடிய கல்லறையிலிருந்து வந்தது. அதில் மேல் மூன்று கோடுகள் ஒன்றாக இருப்பவற்றை எட்டெட்டாக அடுக்கியிருக்கிறார்கள். தலைகீழ் ஜோடி முறையே அங்கே இல்லை.

கேள்வி: லைப்னிட்ஸ் இதிலிருந்துதான்…

பதில்: 1679. மேலே இருக்கிறது.