ஜெபிக்க உட்கார்ந்தால் கொழுந்து நிறைதான் ஞாபகம் வருகிறது

அன்புள்ள அக்காவுக்கு,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 31. சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். வீட்டுக்காரர் குடும்பம் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். அவர் என்னைத் தடுப்பதில்லை. மாமியார்தான், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம் நெருங்கினால், "பெரட்டுக்கு நேரமாச்சு, இவ இன்னும் கண்ண மூடிக்கிட்டு இருக்கா" என்று அடுத்த காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சுவர்தானே இடையில்? மலைக்குப் போனால், "பாஸ்டரம்மா வந்துட்டாங்க" என்று சிரிப்பு.

இந்தப் பக்கம் ஜெபக்குழு. வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்குப் போகாவிட்டால், "விசுவாசம் தணிஞ்சு போச்சா சிஸ்டர்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். சனிக்கிழமையும் வேலை இருக்கிறது. தூங்காமல் போனால் கிலோ குறையும், அரைப் பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம்.

எல்லாவற்றையும் விட ஒரு பயம். ஜெபிக்க உட்கார்ந்தால் கொழுந்து நிறை, மகனுடைய கிழிந்த சப்பாத்து, கடைக் கணக்கு என்று மனம் ஓடுகிறது. மாமியார் அந்தியில் விளக்கு வைக்கும்போது மட்டும் டிவியை நிறுத்துவார். மற்ற நேரமெல்லாம் சத்தம்தான். இப்படி அரைமனதாகச் செய்கிற ஜெபத்தைக் கர்த்தர் கேட்பாரா?

— ஒரு சகோதரி

அன்புத் தங்கச்சி,

கர்த்தர் கேட்பாரா என்பதற்குப் பதில் சொல்ல நான் போதகர் இல்லை. மனம் ஓடுவதைப் பற்றிச் சொல்லலாம். நாள் முழுக்க கிலோவையும் கடனையும் சுமந்த மனம், உடம்பு உட்கார்ந்ததும் அவற்றைத்தான் எடுத்து வைக்கும். அது பக்திக் குறைவு இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசா, ஜெபத்தைப் பற்றி எழுதியதற்காகவே இன்றும் போற்றப்படுகிறவர். அவரே, ஜெபவேளை முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்த காலம் தனக்கு இருந்ததாக எழுதியிருக்கிறார். சப்பாத்து ஞாபகம் வந்தால், மகனுக்காகவே இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டு விட்ட இடத்துக்கு வாருங்கள். பத்துத் தடவை ஓடினால் பத்துத் தடவையும் திரும்பி வந்தால் போதும்.

மாமியாருக்கு உங்கள் ஜெபம் கூடிப்போச்சு, ஜெபக்குழுவுக்குக் குறைஞ்சு போச்சு. இரண்டு பேருமே அளவு பார்க்கிறார்கள், நீங்களும் சேர்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், மனிதர் காண வேண்டுமென்று வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிச் சொன்ன பிறகுதான் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்கிறார் இயேசு. லயத்துக் காம்பராவில் எந்தக் கதவைப் பூட்டுவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் மற்றவர்களின் கணக்கை வெளியே நிறுத்தத் தாழ்ப்பாள் தேவையில்லை.

வழியை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். காலையில் பெரட்டு அவசரத்தோடு மல்லுக்கட்டாமல், மாமியார் விளக்கு வைக்கும் நேரத்தை உங்கள் நேரமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்க விளக்கு வைக்கிறப்ப நானும் உள்ள உட்கார்ந்து ஜெபிச்சுக்கிறேன் அத்தை, அப்புறம் வந்து அடுப்பப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாமி கும்பிடுகிறவருக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். அவர் முணுமுணுத்தால், இரண்டாம் தடவை விளக்கம் சொல்ல வேண்டாம். போனை மட்டும் அணைத்து வையுங்கள்.

தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்தால் புதுப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கும் மேல். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். காய்ச்சலோ விருந்தாளியோ வந்து ஒருநாள் விட்டுப்போனால், மறுநாள் இரட்டிப்பாக ஜெபித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

ஜெபக்குழுவுக்கு, "சனிக்கிழம வேலை இருக்கு சிஸ்டர், வீட்ல ஜெபிச்சுக்கிறேன்" என்பது போதும். அரைப் பேர் விழுந்தால் அந்தக் காசை அவர்கள் தரப்போவதில்லை. (கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ? பரவாயில்லை.) உங்கள் சபைப் போதகர் பேசக்கூடியவராக இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஜெபிக்கத் தவறினால் தண்டனை வரும் என்ற பயத்தில் தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா? அப்படி இருந்தால் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். இல்லையென்றால், ஒரு மாதம் விளக்கு நேரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா