வாசகர் கேள்வி: கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

கேள்வி: நாங்குநேரிக்கு அருகில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் கமலை இறைத்த 45 அடிக் கிணறு இது. தரைமட்டத்துக்கு 8 அடி கீழே உள்ள திட்டில் 1 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டாரை (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்தது) வைத்திருக்கிறோம். மாசி வரை நன்றாக இறைத்தது. பங்குனிக் கடைசியிலிருந்து மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. பம்பு தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். பம்பு தேய்ந்தால் தொட்டி நிறையும் நேரம் வருடக் கணக்கில் கூடிக்கொண்டே வரும். ஒரே மாதத்தில் ஒரு சொட்டும் ஏறாமல் போவது தேய்மானத்தின் குணம் அன்று.

வாளிக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மோட்டார் இருக்கும் திட்டிலிருந்து தண்ணீர் வரை விட்டு அளந்து பாருங்கள். கிணற்றின் ஆழத்தைப் பெருமையாகச் சொல்வது நம் ஊர் வழக்கம். பம்புக்கு வேண்டியதோ தனக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் மட்டுமே. பம்பு உள்ளே வெற்றிடத்தை உண்டாக்குகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எல்லை ஏறத்தாழ 34 அடி. உராய்வும் இழப்பும் போக நடைமுறையில் 22 முதல் 25 அடி வரைதான் கிடைக்கும். குதிரைத்திறனைக் கூட்டினாலும் இந்த எல்லை மாறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கிணறு பங்குனியில் இறங்கி, கயிறு 27 அடி காட்டுமானால், அதே திட்டில் வைக்கும் புது மோட்டாரும் வெறுமனே சுற்றும்.

கயிறு 20 அடிக்குள் நின்றால், உறிஞ்சு குழாயின் அடி நுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைச் சந்தேகிக்கலாம். மோட்டாரை நிறுத்தி, பம்பின் மேல் மூடியைக் கழற்றி வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணெதிரே மட்டம் இறங்கினால், வால்வின் வாசர் கிழிந்திருக்கும் அல்லது ஒரு குச்சி அதை மூடவிடாமல் இடுக்கில் நிற்கும். உறிஞ்சு குழாயின் இணைப்பு கசிந்தாலும் இப்படியே இறங்கும் என்பதால் இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். மட்டம் இறங்காமல் நின்றால் மூடியை இறுக்கி ஓட்டுங்கள். அப்போதும் ஏறாவிட்டால்தான் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தூரம் கூடிவிட்டதென்றால், மோட்டாரைக் கீழ்த் திட்டுக்கு இறக்கலாம். ஆனால் மழைக்கு முன் ஒவ்வொரு ஆண்டும் அதை மேலே தூக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பார்த்த பிறகு அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் திறந்த கிணற்று நீர்மூழ்கி மோட்டாரே நல்லது. அதற்கு ஃபுட் வால்வும் வேண்டாம்.

கடையில் குதிரைத்திறனைச் சொல்லிக் கேட்காதீர்கள், ஹெட், அதாவது தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரம், எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். சித்திரையில் தண்ணீர் தரைக்கு 36 அடி கீழே, மாடித் தொட்டி 22 அடி மேலே என்றால் மொத்தம் 58 அடி. குழாய் வளைவுகளுக்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 64 அடி, அதாவது ஏறக்குறைய 20 மீட்டர். பெயர்ப்பலகையில் உள்ள ஹெட் வரம்பின் நடுவில் இந்த எண் வர வேண்டும். 'பெரிதாகவே இருக்கட்டும்' என்று 40 மீட்டர் பம்பை வாங்கினால், அது அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளி, கூடுதல் கரண்ட் இழுத்து, காயில் கருகிவிடும். மோட்டாரை நைலான் கயிற்றில் கட்டி இறக்குங்கள், வயரில் தொங்கவிட வேண்டாம். அடிச் சேற்றுக்கு ஓரிரண்டு அடி மேலே நிற்கட்டும்.

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் போர்வெல் மோட்டார் சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. காயில் போய்விட்டதா?

பதில்: பேனல் போர்டில் உள்ள வோல்ட் மீட்டரை முதலில் பாருங்கள், முள் 180-க்குக் கீழே கிடந்தால் மோட்டாரின் மேல் பழி இல்லை. வோல்டேஜ் சரியாக இருந்தால் பெரும்பாலும் பேனல் போர்டில் உள்ள, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டன்சர்தான் போயிருக்கும், அதற்காக 200 அடி குழாயை உருவ வேண்டியதில்லை. மெயினை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், எலக்ட்ரீசியனை விட்டே அதை வடித்து, பழையதில் அச்சிட்டுள்ள அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றச் சொல்லுங்கள். புதிய கண்டன்சரிலும் உறுமினால் மட்டும் மோட்டாரை மேலே தூக்குங்கள்.