கால்பந்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 43. பள்ளி நாட்களிலிருந்தே இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகன். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கொஞ்ச காலமாக ஆட்டம் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷமே இல்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பாதி இரவில் அலாரம் வைத்து எழுந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து பார்த்து முடித்தால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. முன்பெல்லாம் தோற்றால்தான் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது ஜெயித்த மறுநாளும் அப்படித்தான் இருக்கிறேன்.

முதல் காரணம் விஏஆர், அதாவது வீடியோவைப் பார்த்து ரெஃப்ரியின் முடிவைச் சரிபார்க்கும் முறை. கோல் விழுந்தால் துள்ளி எழ முடிகிறதா? பாதி எழுந்து நின்றுகொண்டு, அவர்கள் ஆஃப்சைட் கோடு போட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். தோள் நுனி தாண்டியதா, முழங்கால் தாண்டியதா என்று பார்த்து முடித்து, மூன்று நிமிடம் கழித்துக் கோல் என்று சொன்னால் யாருக்குக் கத்தத் தோன்றும்? அடுத்து ஐந்து மாற்று வீரர்கள். பெஞ்சில் ஆள் பலம் உள்ள பணக்கார அணிகளுக்காகவே கொண்டுவந்த விதி. அப்புறம் இந்த ஆப்கள். லீக் ஒன்றில், கோப்பை ஒன்றில், ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இன்னொன்றில். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சந்தா.

சாம்பியன்ஸ் லீகின் புது வடிவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 36 அணிகள், ஒரே பட்டியல், ஆளுக்கு 8 ஆட்டம். 2024-25இல் அந்தப் பட்டியலில் லிவர்பூல் முதலிடம். அதற்குப் பரிசு என்ன? 15ஆம் இடத்தில் வந்த பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்! பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் அலிசன் ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டே இருந்தார், 87ஆவது நிமிடத்தில் எங்கள் எலியட் அடித்தார், 1-0. எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த மறு ஆட்டத்தில் 12ஆவது நிமிடத்திலேயே அவர்களின் டெம்பெலே அடித்து மொத்தக் கணக்கைச் சமமாக்கிவிட்டார். அன்றைக்கு இடைவேளையில் தம்பி வேறு போன் செய்து, "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். "ஆட்டம் முடியட்டும்டா, பேசலாம்" என்றேன். அது எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி என்று இழுத்துக்கொண்டே போய் 4-1 என்று தோல்வியில் முடிந்தபோது யாரோடும் பேசும் நிலையில் நான் இல்லை. அவர்கள் கோல்கீப்பர் டோனருமா இரண்டைத் தடுத்துவிட்டார். மொத்தக் கோல் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணியே ஜெயிக்கும் என்கிற அவே கோல் விதி மட்டும் இருந்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. நல்ல விதியை எடுத்துவிட்டார்கள்.

என் மனைவிக்கு இதெல்லாம் புரியாது. "பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர் ராத்திரி முழிச்சுக் கத்தணுமா?" என்பாள். காலையில் எழுந்ததும் ஸ்கோர் என்ன என்றுகூடக் கேட்க மாட்டாள். "உங்க தம்பி பேசினாரா?" என்றுதான் கேட்பாள். எனக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் கவலை இல்லை.

அலுவலகத்தில் இருப்பவர்கள் ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் ஜெர்சியை வாங்கிக்கொள்கிறார்கள். நிஜமான ரசிகர்கள் குறைந்துவிட்டார்கள். என் தம்பியே அப்படி ஆகிவிட்டான். 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தவன். இடைவேளையில் மிலான் 3-0 என்றதும் தூங்கப் போகிறேன் என்று எழுந்தான், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வேறு ஊருக்குப் போன பிறகும் ஆட்டத்துக்கு ஆட்டம் போனில் பேசுவோம். 2025 ஏப்ரலில் டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து லீக்கையே வென்றோம், அன்றைக்கும் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான். அதன் பிறகு அதுவும் இல்லை.

விஏஆர் வந்து ஆட்டத்தையே கெடுத்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், காரணம் அதுதான். இந்தப் பழக்கத்தை ஒரேயடியாக விட்டுவிடலாமா? எப்படி விடுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குற்றச்சாட்டுகளைத் தேதி வாரியாகப் பார்ப்போம். நீங்கள் கணக்குத் தெரிந்த ரசிகர், தேதி சொன்னால் கோபப்பட மாட்டீர்கள்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு விஏஆர் வந்தது 2019-20 பருவத்தில். லிவர்பூல் 30 ஆண்டு காத்திருந்து லீக்கை வென்ற பருவமும் அதுவே. அந்த ஆண்டும் இதே ஆஃப்சைட் கோடுகள்தான், இதே மூன்று நிமிடக் காத்திருப்புதான். அப்போது உங்கள் மகிழ்ச்சி கெடவில்லை என்றே நினைக்கிறேன். அவே கோல் விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் எடுத்தது 2021இல். ஐந்து மாற்று வீரர்கள் பிரீமியர் லீகில் நிரந்தரமானது 2022-23இல். நீங்கள் அடுக்கிய விதி மாற்றங்களில் உங்கள் சோர்வு தொடங்கிய காலத்தோடு பொருந்துவது சாம்பியன்ஸ் லீகின் புது வடிவம் ஒன்றுதான். அதுவும் உங்கள் அணியை முதலிடத்தில் உட்கார வைத்த வடிவம்.

போகிற போக்கில் ஒன்று. அவே கோல் விதி இருந்திருந்தாலும் அன்றைய ஆட்டம் அப்படியேதான் போயிருக்கும். பாரிஸில் லிவர்பூலுக்கு ஒரு வெளி மைதான கோல், ஆன்ஃபீல்டில் பாரிஸுக்கு ஒன்று. சமத்துக்குச் சமம். எக்ஸ்ட்ரா டைம் வந்தே தீரும். இது உங்களுக்குத் தெரியாததா? ஆன்ஃபீல்டில் வாங்கிய கோலை எண்ண மறந்துவிடுகிற அளவுக்கு அந்த இரவைப் பற்றி உங்களுக்கு வேறு ஏதோ உறுத்தல் இருக்கிறது.

ஆகவே அந்த ஆட்டம் நடந்த 2025 மார்ச்சில் மாறியது கால்பந்து இல்லை. அன்றைய இடைவேளையில் உங்கள் தம்பி ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் கேட்கவில்லை. அதை உங்கள் கடிதத்தில் டெம்பெலேவுக்கும் டோனருமாவுக்கும் நடுவில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். மறுநாள் அவரைக் கூப்பிட்டதாக எங்கும் எழுதவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அந்த அழைப்பை அவர் இடத்திலிருந்து பாருங்கள். விதிப்படி இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டத்துக்கு முன்பே, அணிப் பட்டியல் வந்ததிலிருந்தே, நீங்கள் வேறு உலகத்தில் இருப்பீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு என்றால், தோற்றிருந்தால் போனை எடுக்கவே மாட்டீர்கள். பகலில் உங்களுக்கு வேலை, அவருக்கும் வேலை. அண்ணன் விழித்திருப்பார், தனியாக இருப்பார், கண்டிப்பாகப் போனை எடுப்பார் என்று அவர் நம்பக்கூடிய நேரம் அந்த 15 நிமிடம்தான். அதைக் குறித்துவைத்துக்கொண்டு, முதல் பாதி முழுவதும் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் அவர் அழைத்திருப்பார் என்பது என் கணிப்பு. "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்குகிறவர் ஸ்கோரைப் பற்றிப் பேச வருவதில்லை.

ஆட்டம் முடியட்டும் என்றீர்கள். 90 நிமிடம் முடிந்தது. கூடுதலாக 30 நிமிடம் முடிந்தது. பெனால்ட்டியும் முடிந்தது. அவர் கையில் போனை வைத்துக்கொண்டு இருந்திருப்பார். உங்கள் அழைப்பு வரவில்லை. அவரும் லிவர்பூல் ரசிகர், தோல்வி அவருக்கும் வலித்திருக்கும். அதனால் அன்றிரவை அவர் மன்னித்திருக்கக்கூடும். அதற்கடுத்த நாட்களை மன்னிப்பது கொஞ்சம் கடினம். ஏப்ரலில் வந்த கட்டைவிரலைப் பற்றுக் குறைந்ததாக நீங்கள் வாசிக்கிறீர்கள். இதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டதாக நான் வாசிக்கிறேன். நீங்கள் தட்டியிருக்கலாம். தட்டாமல், அவரையும் ஜெர்சி மாற்றுகிறவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். இது நியாயமில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கால்பந்தை விட வேண்டியதில்லை. விட்டால் பிரச்சினை இன்னும் ஆழமாகப் போகும், ஏனென்றால் தம்பியோடு பேச உங்களுக்கு இருந்த ஒரே வழியும் அதோடு போய்விடும். டேனியல் வான் என்ற அமெரிக்க உளவியலாளர் விளையாட்டு ரசிகர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஓர் அணியோடு ஒன்றிப்போகிறவர்களுக்கு மன நலம் கூடுவதற்குக் காரணம் அந்தப் பற்றின் வழியே கிடைக்கும் உறவுகள் என்பது அவர் கருத்து. அணி ஜெயித்தால்தான் பலன் என்றில்லை. வெகு தொலைவில் இருக்கும் அணியின் ரசிகருக்கு அந்தப் பலன் எளிதில் கிடைப்பதில்லை, ஏனென்றால் அக்கம்பக்கத்தில் அதே அணிக்காகக் கத்துகிறவர் யாரும் இருக்க மாட்டார். உங்களுக்கு ஒருவர் இருந்தார். தம்பி பேசுவதை நிறுத்திய பிறகு அதே 90 நிமிடம் உங்களுக்கு வெறும் கண்விழிப்பாகிவிட்டது. கோல் விழுந்ததும் துள்ள முடியாததற்கு ஆஃப்சைட் கோடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. "பார்த்தியாடா?" என்று கேட்க ஆள் இல்லை. ஜெயித்த மறுநாளும் முகம் தொங்கிப்போவது அதனால்தான்.

பல ஆண்களுக்கு இது நடக்கிறது. உறவு முழுவதையும் ஆட்டத்தின் மேல் ஏற்றிவைத்துவிடுகிறார்கள். யாரை வாங்கினார்கள், யாரை விற்றார்கள், ரெஃப்ரி என்ன செய்தார் என்று பேசியே பல ஆண்டுகள் ஓடிவிடும். அதில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனால் கஷ்டம் வரும் நாளில் அதைச் சொல்லும் பழக்கம் இருவருக்கும் இருக்காது. உங்கள் தம்பி ஒருமுறை முயன்றார். அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத காரியத்தை முதலில் செய்தவர் அவர். அந்த மரியாதையை அவருக்குக் கொடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஆட்டம் இல்லாத ஒரு நாளில், அவர் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில் கூப்பிடுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், பழைய கோல் வீடியோ அனுப்பிப் பேச்சைத் தொடங்கவும் வேண்டாம். அப்படித் தொடங்கினால் பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், இருவருக்கும் அது வசதியாகவும் இருக்கும். "பாரிஸ்கிட்ட தோத்த அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தே. நான் கேட்கலை. இப்ப கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். "ஏன் பேசுறதே இல்லை?" என்று கேட்டால் அது உங்கள் குறையாக மாறிவிடும்.

பெரும்பாலும் "ஒண்ணுமில்லண்ணா, அது முடிஞ்சு போச்சு" என்பார். ஆபத்தான இடம் இதுதான். உங்களுக்கு அப்பாடா என்றிருக்கும், உடனே அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தோன்றும். பேசாதீர்கள். "முடிஞ்சிருந்தாலும் சொல்லு" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கும் சொல்லவில்லை என்றால் வற்புறுத்தாமல், நேரில் வருவதாக நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். நேரில் போனால் எதிரெதிரே உட்கார்ந்து விசாரிக்க வேண்டாம். சேர்ந்து நடங்கள், அல்லது வண்டியில் ஒன்றாகப் போங்கள். முகம் பார்க்காமல் பேச வரும் விஷயங்கள் உண்டு. அவர் அன்றைக்குப் போனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் சொல்வது கடனாக இருக்கலாம், உடம்பாக இருக்கலாம், வீட்டுக்குள் ஏதாவது இருக்கலாம். எதுவானாலும் முதல் நாளே தீர்வு சொல்லாதீர்கள். வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்கிற தொனி பேச்சில் இருந்தால், செத்துவிடத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். மாத்திரையைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயக் கோளாறுகள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்களுக்கு இருப்பது இரத்த அழுத்தம் மட்டும் என்றாலும், இந்தக் கண்விழிப்பைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். அதைவிட முக்கியமானது, காலையில் அவர் கேட்கும் கேள்வி. "உங்க தம்பி பேசினாரா?" என்று அவர் கேட்பதை உங்கள் மேல் அக்கறை இல்லாததாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கவும் கூடும். தம்பிக்குப் போன் செய்யும் முன் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், நேரில் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.