ஓத்தானி கையெழுத்துப் பந்தும் விலை இறங்கிய கார்டும்

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். பத்து மாதங்களுக்கு முன் அவன் பிறந்தநாளுக்காக, இங்குள்ள விளையாட்டு நினைவுப்பொருள் கடை ஒன்றில் பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானி கையெழுத்திட்ட பந்தை 2,400 டாலருக்கு வாங்கினேன். கடையே அச்சடித்த சான்றிதழும், கடைப் பெயர் போட்ட ஹோலோகிராமும் தந்தார்கள். “இரண்டே வருஷத்தில் இரட்டிப்பாகும் சார்” என்றும் சொன்னார்கள். போன மாதம் கையெழுத்துகளைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். தேறவில்லை என்று திருப்பிவிட்டார்கள். கடைக்காரரோ, “அது அவர்கள் அபிப்பிராயம், இது எங்கள் அபிப்பிராயம், விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை” என்கிறார். அதே கடையில் 2021 தொடக்கத்தில் ஓர் இளம் ஆட்டக்காரரின் ரூக்கி கார்டை (முதல் பருவத்துப் படக் கார்டு), கார்டுகளைச் சோதித்துத் தரம் போட்டு உறையில் அடைத்துத் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் உச்சமான 10 தரம் போட்டது, 900 டாலருக்கு வாங்கியிருந்தேன். இன்று 200 டாலருக்குக்கூட கேட்பாரில்லை. இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: சேர்த்துப் போடாதீர்கள். பந்துக்கு நல்ல வழக்கு இருக்கிறது. கார்டுக்கு இல்லை. இரண்டையும் ஒரே மனுவில் கட்டினால், “விலை இறங்கியதும் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்” என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

கார்டை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் வாங்கிய நேரம் அப்படி. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் பழைய பெட்டிகளைக் கிளறிய காலம் அது. பேஸ்பால் நட்சத்திரம் மைக் ட்ரௌட்டின் 2009 ‘போமன் குரோம்’ வகைக் கார்டு ஒன்று, உலகில் ஒரே பிரதி, 2018இல் சுமார் 4 லட்சம் டாலருக்குக் கை மாறியது. 2020 ஆகஸ்டில் அதே கார்டு 39.36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துக் கடைக்கு ஓடாதவர்கள் குறைவு. 2021 மார்ச்சில் வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. நிறுவனமே பெரும்பாலான சேவைகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. நீங்கள் உச்சிக்குப் பக்கத்தில் வாங்கியிருக்கிறீர்கள்.

அப்போது பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ட்ரௌட் கார்டு ஒன்றே ஒன்று. உங்களுடையது அப்படியல்ல. இந்தக் காலத்து சாதாரண ரூக்கி கார்டு ஆயிரக்கணக்கில் அச்சாகிறது. தரம் போடக் கொடுப்பவர்கள் கூடக் கூட, ‘10’ வாங்கிய கார்டுகளின் எண்ணிக்கையும் வருஷா வருஷம் ஏறும். பி.எஸ்.ஏ. இந்தக் கணக்கைத் தானே வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். 1980களின் கடைசியில் அச்சான கார்டுகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. பிள்ளையின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று வைத்திருந்த பெட்டியை இன்று இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கலிபோர்னியா வணிகச் சட்டத் தொகுப்பின் 2313ஆம் பிரிவு, விற்பவர் பொருளைப் பற்றிச் சொல்லும் உண்மைக் கூற்று ஒவ்வொன்றையும் உத்தரவாதமாகவே கருதுகிறது. ஆனால் பொருளின் மதிப்பைப் பற்றிய வெறும் பேச்சும், விற்பவரின் வெறும் பாராட்டும் உத்தரவாதம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. “இது பி.எஸ்.ஏ. 10” என்பது உண்மைக் கூற்று. “இது ஏறும்” என்பது கடைப் பேச்சு. உங்கள் கார்டு சொன்னபடி அதே தரத்தில், முத்திரை உடையாத உறையில்தான் இருக்கிறது. இறங்கியது விலை மட்டும்.

விலையைப் பற்றிய பேச்சு எல்லாமே தப்பித்துவிடும் என்று சொல்லவில்லை. “நேற்று இதே கார்டு 1,400 டாலருக்கு ஏலம் போனது” என்று கடைக்காரர் சொல்லி, அப்படி ஒரு ஏலமே நடக்கவில்லை என்றால், அது அபிப்பிராயம் அல்ல, பொய். உறையே போலி என்றாலும், புதிதாகத் தெரிய ஓரத்தைச் சீவிய கார்டு என்று தெரிந்தே விற்றார் என்றாலும் கதை மாறும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. போதாததற்கு, விற்பனை உத்தரவாதத்தை மீறியதாக வழக்குப் போட, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்தான் அவகாசம். அதுவும் போய்விட்டது. கார்டை மறந்துவிடுங்கள்.

இனி பந்து.

ஓத்தானி 2024 செப்டம்பர் 19 அன்று மயாமியில் ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன், 50 தளத் திருட்டு (எதிரணி சுதாரிக்கும் முன் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது) என்ற எல்லையைத் தொட்ட பந்து, அடுத்த மாதமே 43.92 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் பந்துகள் எல்லாம் கோஸ்டா ரிகாவில் ராலிங்ஸ் தொழிற்சாலையில் தைக்கப்படுபவை. கையெழுத்து எதுவும் இல்லாத அதே மாதிரிப் பந்தைக் கடையில் சில பத்து டாலருக்கு வாங்கலாம். தோலும் நூலும் ஒன்றுதான். இந்தப் பந்து அந்தப் பந்துதான் என்பதற்கான ஆதாரத்துக்குத்தான் அந்த 43 லட்சமும் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் பந்தும் அப்படியே. உங்கள் 2,400 டாலரில் பந்துக்குப் போனது முப்பதோ நாற்பதோ. மீதி முழுவதும் கடைக்காரரின் வாக்குக்குப் போனது.

கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு இது முன்பே புரிந்திருந்தது. 1992இலேயே கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருள்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சிவில் கோடு 1739.7ஆம் பிரிவு. அடுத்த சில ஆண்டுகளில் சான் டியேகோவில் போலிக் கையெழுத்துகளைப் பற்றி எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணை, அந்தச் சட்டம் ஏன் தேவை என்பதை ஊருக்கே காட்டியது. பாட்ரெஸ் அணியின் டோனி க்வின் போன்ற ஆட்டக்காரர்களே போலிகளை அடையாளம் காட்டினார்கள். பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் ஒன்றும் இருந்தது. கூசாமல் செய்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு இப்போது உள்ள நிலையைச் சொல்கிறேன். விளையாட்டு அல்லது பொழுதுபோக்குப் பிரபலத்தின் கையெழுத்து உள்ள பொருளை, 50 டாலர் அல்லது அதற்கு மேல் விலையில், அதையே தொழிலாகச் செய்யும் வியாபாரி விற்றால், கையெழுத்து அசல் என்று எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். அதில் பொருளின் விவரம், கையெழுத்திட்டவர் பெயர், விலை, தேதி, வியாபாரிக்குப் பிணைப் பத்திரமோ காப்பீடோ இருக்கிறதா, விற்பனை வரிக்காக அவருக்கு உள்ள மறுவிற்பனைச் சான்றிதழ் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தன் கண்ணெதிரே கையெழுத்தானதா, அல்லது வேறொருவரிடம் வாங்கியதா என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதன் நகலை அவர் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய சான்றிதழ்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தங்க நிற ஓரம், நடுவில் ‘நூறு சதவீதம் அசல், ஆயுள் உத்தரவாதம்’, கீழே ஒரு கிறுக்கல், ஓரத்தில் ஹோலோகிராம். அவ்வளவுதான். கையெழுத்து எங்கே வாங்கியது, யாரிடமிருந்து வந்தது, மறுவிற்பனை எண் என்ன, ஒன்றுமே இல்லை. பின்பக்கத்திலும் இல்லையென்றால், பந்து போலியோ அசலோ, இந்தக் காகிதமே சட்டப்படி குறைபாடு உள்ளது. அந்த ஹோலோகிராம் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும் இணையதளமும் அந்தக் கடையின் இணையதளம்தான். தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போடுவது மாதிரி. மேஜர் லீக் பேஸ்பால் நடத்தும் அத்தாட்சித் திட்டம் வேறு: 2001 முதல் இருக்கிறது, பெரும்பாலும் காவல் துறையில் பணியாற்றியவர்கள் நேரில் நின்று பார்த்து ஒட்டும் ஹோலோகிராம், எண்ணை லீகின் இணையதளத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாம். உங்கள் பந்தில் அது இல்லை.

“எங்கள் அபிப்பிராயம்” என்ற வாதத்துக்கு வருவோம். அந்த மனிதர் சட்டத்தைப் படித்திருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டிருக்க மாட்டார். கையெழுத்து அசல் என்ற உத்தரவாதம் பேரத்தின் பகுதி என்றே அறுதியாகக் கொள்ளப்படும், வியாபாரி சொன்னது வெறும் அபிப்பிராயம் என்று காட்டி அதைக் குறைக்க முடியாது என்று 1739.7 வெளிப்படையாகவே சொல்கிறது. ‘திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டும் உதவாது. அது மனம் மாறிய வாடிக்கையாளருக்கு. போலிப் பொருள் வாங்கியவருக்கு அல்ல.

இனி பணம். உத்தரவாதம் பொய் என்றாலோ, தர வேண்டிய விவரங்கள் இல்லாமல் உங்களுக்கு இழப்பு வந்தாலோ, நேரடி இழப்போடு அதன் 10 மடங்கு வரை அபராதம், நீதிமன்றச் செலவு, வட்டி, வக்கீல் கட்டணம், நிபுணர் கட்டணம் எல்லாம் கேட்கலாம். ‘வரை’ என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு என்பது நீதிபதி கையில். நேரடி இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். வணிகச் சட்டத்தின் 2714ஆம் பிரிவுப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளில் சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்பு, இருந்தபடி என்ன மதிப்பு, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. ஆகவே “இரட்டிப்பாகும்” என்று சொன்னதை வைத்து 4,800 கேட்க முடியாது. ஆனால் நீங்கள் வாங்கிய அந்த மாதத்தில் இதே மாதிரி அசல் பந்துகள் 3,000 டாலருக்குப் போனதாகக் காட்ட முடிந்தால், நீங்கள் கொடுத்தது 2,400 என்றாலும் 3,000ஐ வைத்துப் பேசலாம். மலிவாகப் பேரம் முடித்தது உங்கள் சாமர்த்தியம்.

அதற்கு உண்மையில் விற்று முடிந்த விலைகள் வேண்டும். இணையத்தில் யாரோ போட்டிருக்கும் கேட்கும் விலை செல்லாது. பந்துக்குப் பத்தாயிரம் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஏல விலையை எடுத்தால், வாங்குபவர் கமிஷன் சேர்ந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். லீகின் ஹோலோகிராம் உள்ள பந்தோடு உங்கள் பந்தை ஒப்பிடாதீர்கள். கடைக்காரர் அதைத் தருவதாகச் சொல்லவில்லை.

ஒரு நிறுவனம் ‘தேறவில்லை’ என்றது மட்டும் போலி என்று நிரூபித்துவிடாது. ‘தேறவில்லை’ என்றால் நாங்கள் சான்று தர மாட்டோம் என்றுதான் அர்த்தம். ஆகவே பெயர் பெற்ற இன்னொரு நிறுவனத்துக்கும் அனுப்பி, காரணங்களோடு கடிதம் கேளுங்கள். சில போலிகள் பந்தே காட்டிக் கொடுக்கும் வகை: பழைய நட்சத்திரம் மிக்கி மேன்டில் 1995இல் இறந்துவிட்டார், பட் செலிக் மேஜர் லீகின் தலைவராக, அதாவது பந்தில் பெயர் அச்சாகும் கமிஷனராக, முறைப்படி வந்தது 1998இல், செலிக் பெயர் அச்சான பந்தில் மேன்டில் கையெழுத்து இருந்தால் நிபுணரே வேண்டாம். ஓத்தானி விஷயத்தில் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது.

இந்த வாரமே கடைக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். குறை தெரிந்த பின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் பரிகாரமே போய்விடும் என்று 2607ஆம் பிரிவில் இருக்கிறது. பில், சான்றிதழ், கடைக்காரரோடு நடந்த மெசேஜ்கள், சோதனை நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கடைக்காரருக்குப் போன் போட்டு ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். அந்தரங்க உரையாடலை மற்றவர் சம்மதமில்லாமல் பதிவு செய்வது இந்த மாநிலத்தில் குற்றம். பணம் கைக்கு வராமல் பந்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வெறுத்துப்போய் வேறு யாரிடமாவது அதை ‘ஓத்தானி பந்து’ என்று தள்ளிவிடவும் கூடாது. சந்தேகம் தெரிந்த பின் விற்றால் அடுத்த பிரதிவாதி நீங்கள்தான்.

எந்த நீதிமன்றம் என்று கேட்பீர்கள். சிறு வழக்கு மன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். கட்டணம் 100 டாலருக்குள் முடியும், வக்கீல் வந்து வாதாட அனுமதி இல்லை, நீங்களே பேச வேண்டும். தோற்றால் வழக்குப் போட்டவருக்கு மேல்முறையீடு கிடையாது. முழு அபராதமும் வேண்டும் என்றால் இழப்போடு சேர்த்து 26,000 டாலர் அளவில் ஆகிறது. அதற்கு 35,000 டாலர் வரம்புள்ள சிவில் நீதிமன்றப் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இரண்டாவது நிபுணரும் ‘போலி’ என்று உறுதியாக எழுதிக் கொடுத்தால் பெரிய நீதிமன்றம். அவர் மழுப்பினால் சிறு வழக்கு மன்றம் போதும்.

எங்கே போவதானாலும் நாளைக் கணக்கில் வையுங்கள். உத்தரவாத மீறலுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கிறது என்றேன். ஆனால் சட்டம் தனிநபருக்குத் தரும் அபராதத்தைக் கேட்கும் வழக்குகளுக்கு ஒரே ஆண்டுதான் என்று இன்னொரு விதி உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார். அது இந்த அபராதத்துக்குப் பொருந்தாது என்று வாதாட இடம் இருந்தாலும், அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்கள் வாங்கிப் பத்து மாதம் ஆகிவிட்டது. நிபுணர் கடிதம் வரத் தாமதமானாலும் பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் மனு பதிவாகிவிட வேண்டும்.