ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் இரண்டாவது ஃபிளாட்

கேள்வி: வயது 41. சிறுசேரியில் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். கையில் வரும் சம்பளம் ரூ.2.1 லட்சம். இரவு 11 மணி வரை அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் கூட்டம். சனி, ஞாயிறு நண்பரின் நிறுவனத்துக்கு வேலை செய்து, வரி போக மாதம் ரூ.35,000 ஈட்டுகிறேன். 12 வயது மகளுடன் உட்கார்ந்து பேசவே நேரமில்லை. இருக்கும் வீட்டுக்குக் கடன் இல்லை. 2021-ல் மாமனார் வற்புறுத்தியதால் கேளம்பாக்கத்தில் ரூ.68 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினேன். அதன் கடனில் ரூ.50 லட்சம் பாக்கி, வட்டி 8.5%, தவணை ரூ.47,700. வாடகை ரூ.16,000. வேலையை விட்டுச் சுமை குறைந்த பொறுப்புக்குப் போகலாமா? ஆண்டுக்கு ரூ.5 லட்சம் கட்டினால் 50 வயதில் ஓய்வு பெறலாம் என்று வங்கியில் ஓர் உத்தரவாத வருமானத் திட்டம் சொல்கிறார்கள். சேரலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: வேலையை விட வேண்டாம். விட வேண்டியது அந்த ஃபிளாட்டை.

வாடகையில் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, அவ்வப்போது வரும் பிளம்பர் செலவு ஆகியவை போக ரூ.12,500 மிஞ்சினால் பெரிது. தவணைக்கு இன்னும் ரூ.35,000 வேண்டும். வார இறுதியில் நீங்கள் ஈட்டுவதும் அதே ரூ.35,000. அதாவது, சனி ஞாயிறு முழுவதையும் நீங்கள் குடியிருக்காத ஒரு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் சுமார் 16 ஆண்டுகள் ஆகும். அப்போது உங்கள் மகளுக்கு 28 வயது.

தவணையில் இப்போது ரூ.35,400 வட்டிக்கே போகிறது. வீடோ ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம்தான் தருகிறது, ரூ.75 லட்சம் மதிப்பு என்று வைத்தால் 2 சதவீதம். 8.5 சதவீதத்தில் கடன் வாங்கி 2 சதவீதம் ஈட்டுகிறோம், மீதியை விலையேற்றம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது. வரி மிச்சம் என்று யாராவது சொன்னால், நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருக்கிறீர்களா, புதியதிலா என்று பாருங்கள். புதிய முறையில், வாடகைக்கு விட்ட வீட்டில் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது.

ரூ.75 லட்சத்துக்கு விற்றால், கடனும் தரகும் போக ஏறத்தாழ ரூ.24 லட்சம் கையில் நிற்கும். வாங்கியபோது கட்டிய முத்திரைத்தாள், பதிவுச் செலவையும் கொள்முதல் விலையில் சேர்த்தால் லாபம் சொற்பம், வரியும் சொற்பம். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமும் கிடையாது. ரூ.72 லட்சம் கிடைத்தாலும் கொடுத்துவிடுங்கள். கூடுதலாக மூன்று லட்சத்துக்குக் காத்திருந்தால் ஒன்பது மாதத் தவணை வட்டியிலேயே அது கரைந்துவிடும்.

வரும் பணத்தில் ரூ.10 லட்சத்தை வைப்புநிதியில் போடுங்கள். உங்கள் துறையில் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. மீதி மகளின் கல்லூரிக்கு. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் பிரித்துப் போட்டால் போதும்.

அந்த உத்தரவாதத் திட்டத்தைத் தொடாதீர்கள். இத்தகைய திட்டங்களின் உண்மையான வருமானத்தைக் கணக்கிட்டால் பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதம்தான் தேறும். கடனுக்கு 8.5 கட்டுகிறவர் அதில் சேர்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அலுவலகத்துக்குத் தெரியாமல் வெளிவேலை செய்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். 2022-ல் விப்ரோ 300 பேரை இதே காரணத்துக்காக வெளியேற்றியது. ரூ.35,000-க்காக ரூ.2.1 லட்சத்தைப் பணயம் வைக்கிறீர்கள்.

மாமனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவர் காலத்தில் மனை வாங்கியவர்கள் கெட்டுப்போகவில்லை. ஆனால் தவணை அவர் கட்டவில்லை. கடன் நிலுவை அறிக்கையை வங்கியிலிருந்து வாங்கி, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மனைவியுடன் சேர்ந்து அவரிடம் காட்டுங்கள். முதலில் மனைவியிடம் பேசிவிடுங்கள். விற்பனை முடியும் வரை வெளிவேலை சனிக்கிழமை மட்டும் இருக்கட்டும். குறையும் பணத்துக்கு அதுவரை மாதச் சேமிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இரவுக் கூட்டங்களை வாரத்தில் மூன்று நாளாகக் குறைக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்பதை, ஃபிளாட் கைமாறிய அடுத்த வாரமே செய்யுங்கள்.