வாக்கிங்கையும் விட வேண்டாம், வெயிட்டையும் விட வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது. திருச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன். அப்படியிருந்தும் போன மாத ரத்தப் பரிசோதனையில், சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்துவிட்டது. "பார்டர்ல இருக்கீங்க, வெயிட் டிரெய்னிங்கும் சேர்த்துக்கோங்க" என்றார் டாக்டர். பக்கத்துத் தெரு ஜிம்மில் போய்க் கேட்டால், "வாக்கிங்கை நிறுத்திடுங்க மேடம், கார்டியோ பண்ணினா ஏத்தின மசில் எல்லாம் கரைஞ்சிடும்" என்கிறார் டிரெய்னர். கூட நடக்கும் தோழிகளோ, "இந்த வயசுல வெயிட் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். காலையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்குக் கிடைக்காது. நான் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?
வாசகி, திருச்சி

பதில்:

எதையும் விட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தையே வாரத்துக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வெயிட், நான்கு நாள் நடை, ஒரு நாள் ஓய்வு. உங்கள் டாக்டர் சொன்னது சரியான யோசனை. டிரெய்னர் சொன்னதிலும் தோழிகள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை காலமாக அந்தப் பேச்சு ஓயாமல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 6.1. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் கணக்குப்படி, உங்களைப் போல இந்த நிலையில் இருப்பவர்கள் இந்தியாவில் 13.6 கோடி பேர். மூன்று வருடம் நடந்ததெல்லாம் வீணா என்று மனம் தளர வேண்டாம். நடை இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். அதனால் மட்டும் ஆகாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது, இன்சுலின் துணையோடு அதை அதிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் தசை. முப்பது வயதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தசையோடு எலும்பும் வலுவிழக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் கொட்டி வைத்த பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடை, பத்தாயத்தில் இருப்பதை எடுத்துச் செலவழிக்கிறது. வெயிட் தூக்குவது அந்தப் பத்தாயத்தையே பெரிதாக்குகிறது. செலவழிக்க வழி இருந்தும் கொள்ளும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தால், மிஞ்சுவது ரத்தத்திலேயே நிற்கும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் நம் நாட்டில் சர்க்கரை வருவதற்கு இது ஒரு காரணம். எடை குறைவாக இருக்கும், ஆனால் அதில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. லூசியானா மாநிலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 262 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு நடை போன்ற பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு வெயிட் மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவது ஒப்பீட்டுக்கு என்று ஒன்பது மாதம் நடத்தினார்கள். மூன்று பயிற்சிக் குழுக்களும் செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பீட்டுக் குழுவைவிட ஹெச்பிஏ1சி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவுக்கு மட்டும். அவர்கள் சர்க்கரை நோயாளிகள், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, அந்த வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வை என்னால் காட்ட முடியாது. நேரத்தைக் கூட்டாமல், இருக்கும் நேரத்தைப் பிரித்தே பலன் கிடைத்திருக்கிறது.

அப்புறம் டிரெய்னர் சொன்ன "மசில் கரையும்" விஷயம். இதன் வேர் 1980-ல் இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பத்து வாரம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு குழு வாரம் ஐந்து நாள் கால்களுக்குக் கனமான வெயிட் பயிற்சி செய்தது. இன்னொரு குழு வாரம் ஆறு நாள் கடுமையாக ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு இந்த இரண்டையும் முழுசாகச் செய்தது. மூன்றாவது குழுவினரின் பலம் ஏழு வாரம் வரை நன்றாகவே ஏறியது. பிறகு ஏறாமல் நின்று, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. அதிலிருந்து கிளம்பியதுதான் ஜிம்களில் இன்றும் கேட்கும் இந்த எச்சரிக்கை.

அவர்கள் செய்த அளவைப் பாருங்கள். வாரம் பதினொரு பயிற்சி, எல்லாம் மூச்சு முட்டும் அளவில். நீங்கள் செய்யப்போவது இரண்டு நாள் வெயிட்டும் நான்கு நாள் நடையும். பிற்காலத்தில் இது பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியோ பலமோ கெடவில்லை என்றுதான் தெரிந்தது. பாய்ந்து குதிப்பது, சட்டென்று வேகமெடுப்பது போன்ற வெடிப்புத் திறன் மட்டும் கொஞ்சம் பாதிக்கப்படலாம். உயரம் தாண்டும் வீராங்கனைக்கு அது கவலை. உங்களுக்கு இல்லை.

தோழிகளின் பயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதனாலேயே ஜிம் வாசலை மிதிக்காத பெண்கள் ஏராளம். கர்ப்பப்பை இறங்குவதற்குப் பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் இடுப்படித் தசைகள் தளர்வது, நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல் எல்லாம் காரணம். தம் பிடித்து, முக்கி, வருடக்கணக்கில் பாரம் தூக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இருமும்போது சிறுநீர் கசிகிறது, கீழே ஏதோ இறங்குவது போல உணர்வு இருக்கிறது என்றால், முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இடுப்படித் தசைகளுக்கென்றே பயிற்சி இருக்கிறது, அதைச் செய்துவிட்டு வெயிட்டுக்கு வரலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், சின்ன எடையில் தொடங்கி மூச்சை விட்டபடி தூக்கும் பயிற்சிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பாரம் தூக்குவது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதா? தண்ணீர் கேன் 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. நிறைந்த காஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். அதை நாம் எப்படித் தூக்குகிறோம்? எட்டி நின்று, முதுகை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு பக்கமாகத் திருகி நகர்த்துகிறோம். தப்பு பாரத்தில் இல்லை, தூக்கும் விதத்தில் இருக்கிறது. சிலிண்டருக்கு ஒட்டி நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, முதுகை நேராக வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே கால்களை ஊன்றி எழுந்தால் இடுப்பும் தொடையும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஜிம்மில் இதைத்தான் டெட்லிஃப்ட் என்று சொல்லித்தருவார்கள். அங்கே ஐந்து கிலோவில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் வீட்டில் முப்பது கிலோவுக்கு முதுகு பிழைக்கும்.

சரி, வாரத்தை எப்படிப் பிரிப்பது? வெயிட்டுக்குத் திங்கள், வியாழன் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளியில் தலைக்குக் குளியல், விளக்கு, பூஜை என்று பல வீடுகளில் காலை வேலை கூடிவிடும், ஜிம் நேரம்தான் முதலில் அடிபடும். செவ்வாய், புதன், வெள்ளி, சனி நடை. ஞாயிறு ஓய்வு. நான்கு நாள் ஒரு மணி நேரம் என்றால் 240 நிமிடம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவுக்குள் தாராளமாக வந்துவிடுகிறீர்கள்.

வெயிட் நாளில் ஜிம்முக்கு நடந்தே போங்கள், அதுவே வார்ம்-அப். போனதும் முதலில் வெயிட். நேரம் மிஞ்சினால் கடைசியில் டிரெட்மில். மாற்றிச் செய்தால் களைத்த காலோடு வெயிட்டுக்கு வருவீர்கள், நிலை தவறும், பலனும் குறையும். உடம்பு முழுவதும் வேலை வாங்க ஐந்தாறு பயிற்சி போதும். கையில் டம்பெல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பழகியபின் நாற்காலி இல்லாமல் பஸ்கி. சுவரில் கை ஊன்றித் தண்டால், சில வாரத்தில் மேஜைக்கு இறங்கி, பிறகு தரைக்கு. டெட்லிஃப்ட். முன்னால் சாய்ந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. தலைக்கு மேல் தூக்குவது. இரண்டு கையிலும் எடையோடு நிமிர்ந்து நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது எடையைப் பற்றி. பெண்கள் வந்தாலே கையில் ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து, அதையே மாதக்கணக்கில் தூக்கவிடுவது பல ஜிம்களில் வழக்கம். அதில் தசை வளராது. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் முடிய வேண்டும், ஆனால் நிலை கலையக் கூடாது. அந்த எடைதான் உங்கள் எடை. 12 முறை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த வாரம் ஒரு கிலோ ஏற்றுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதி வையுங்கள். டிரெய்னர் ஏற்றச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள். ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பெண்களின் ஹார்மோன் அளவுக்கு அந்த மாதிரி உடம்பு தானாக வராது.

நடையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்தால் மனசுக்கு இதம்தான். ஆனால் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகத்துக்கு அடையாளம். நடந்துகொண்டே ஒரு பாட்டை முழுசாகப் பாட முடிகிறதென்றால் வேகம் போதாது. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் சொல்லித்தந்த முறை எளிது. மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்று. ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடைப் பலம் கூடியது, ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது. தோழிகளை மெதுவான மூன்று நிமிடங்களில் பேசச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தால், சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கு அது தனியாக உதவும். அதற்குக் காலை நேரத்தைத் தொட வேண்டியதில்லை.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். வெயிட் தூக்கிவிட்டு வெறும் இட்லி, காபியோடு ஆபீஸ் போனால் தசைக்குக் கட்டுமானப் பொருள் கிடைக்காது. நமக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐசிஎம்ஆர் கணக்கு. தசையை வளர்க்கும்போது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, தயிர், மீன் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று இருந்தால் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டவும்.

முதல் இரண்டு வாரம் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும் வலி அது. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடங்கும் முன் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை மெஷின் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால் கலங்காதீர்கள், கொழுப்பு குறைந்து தசை கூடும்போது அப்படி நடக்கும். தையல் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து குறித்து வையுங்கள், நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை என்பதால் அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை. மூன்று மாதம் முடிந்ததும் எடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் உங்கள் பயிற்சி நோட்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். எண் இறங்காமல் நின்று, அவர் மாத்திரை வேண்டும் என்றாலும் மறுக்காதீர்கள். திங்கள், வியாழனை மட்டும் அப்போதும் நிறுத்த வேண்டாம்.