கேளுங்க சொல்றோம்: கப்பலை ஓட்டறது கேப்டனா, ஆபீஸா?

கேள்வி: கப்பலுக்கு ஓனர் ஒருத்தர், மேனேஜ்மென்ட் கம்பெனி வேற, வாடகைக்கு எடுத்தவங்க வேறன்றாங்க. செலவெல்லாம் யார் தலைல விழும்?

பதில்: டைம் சார்ட்டர்னா, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு கப்பலை வாடகைக்கு எடுத்தா, எண்ணெய்க் காசும் போர்ட் கட்டணமும் பொதுவா வாடகைக்கு எடுத்தவங்களோடது, சம்பளம் ஸ்பேர் ரிப்பேர் இன்சூரன்ஸ் எல்லாம் ஓனரோடது, அதை ஓனருக்காக ஃபீஸ் வாங்கிட்டு பாத்துக்கறவங்கதான் மேனேஜர். இன்ஜின் படுத்துக்கிச்சுன்னா கப்பல் ஆஃப்-ஹயர், அந்த நேரத்துக்கு வாடகை கிடையாது, ஆனா சம்பளம் ஓடிட்டேதான் இருக்கும். அதனாலதான் மேனேஜர் கம்பெனில கப்பலோட ரிப்பேர், பார்ட் எல்லாம் பாத்துக்கற சூப்பரின்டென்டன்ட் ராத்திரி ரெண்டு மணிக்கும் போனை எடுக்கறார். அவர் கையில பல கப்பல் இருக்கும், ஒண்ணுக்கு பியூரிஃபையர் (எண்ணெயைச் சுத்தம் பண்ற மெஷின்) பார்ட் ஃப்ளைட்ல வந்து கஸ்டம்ஸ் தாண்டி ஏஜென்ட் கைக்கு வர்றதுக்குள்ள சரக்கு சீக்கிரமா இறங்கிடும், பார்ட் குடோன்ல கிடக்கும், கப்பல் நடுக்கடல்ல போய்ட்டிருக்கும்.

கேள்வி: இப்பதான் சாட்டிலைட், ஸ்கிரீன் எல்லாம் வந்தாச்சே, கரையிலிருந்தே கேப்டனுக்கு ஆர்டர் போட்டா என்ன?

பதில்: போடலாம், போடவும் செய்றாங்க, ஆனா பாதுகாப்புன்னு வந்தா கடைசி முடிவு கேப்டனோடதுதான், கப்பல்களைப் பாதுகாப்பா நடத்தறதுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்எம் கோட்லயே அப்படித்தான் இருக்கு. இந்த கோட் வந்ததுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1987 மார்ச்ல பெல்ஜியத்துல இருக்கற ஜீப்ரூகே துறைமுகத்துலருந்து கிளம்பின ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்ங்கற ஃபெர்ரி முன்பக்கக் கதவை மூடாமலே போய் கவுந்து 193 பேர் செத்துப் போனாங்க. கதவு மூடியாச்சான்னு கப்பலை ஓட்டற ரூமான பிரிட்ஜ்ல தெரியற மாதிரி ஒரு லைட் வைங்கன்னு அந்த கம்பெனி கேப்டன்களே முன்னாடி கேட்டிருந்தாங்க, கரையில இருந்தவங்க அதைக் கிண்டல் பண்ணி ஒதுக்கிட்டாங்க. விசாரணையில கப்பல்காரங்களோட சேர்ந்து ஆபீசுக்கும் செம்ம அடி விழுந்துச்சு. 1998 ஜூலைலருந்து டேங்கர், பல்க் கேரியர், பயணிகள் கப்பலுக்கும், 2002ல மத்த கப்பல்களுக்கும் கோட் கட்டாயமாச்சு. இப்போ ஒவ்வொரு கம்பெனிலயும் பாதுகாப்பு விஷயத்தைக் கவனிக்க டிபிஏன்னு (Designated Person Ashore) ஒருத்தர் கரையில இருக்கணும், கப்பல்ல இருக்கற யார் வேணா அவரை நேரா கூப்பிடலாம், அவருக்கு மேலிடத்துக்கு நேரடி வழி இருக்கணும். பேப்பர்ல மட்டும் டிபிஏ இருக்கற கம்பெனியும் உண்டு, அது வேற விஷயம். என்னைக் கேட்டா, "புயல் வருது, ஸ்லோ பண்றேன்"னு கேப்டன் சொன்னதுக்கு "ஏன் லேட்டு?"ன்னு பதில் மெயில் போற ஆபீஸ்ல எந்த சர்ட்டிபிகேட் சுவத்துல தொங்கினாலும் பிரயோஜனமில்ல.

கேள்வி: வேகத்தைக் குறைச்சா அவ்ளோ எண்ணெய் மிச்சமாகுமா?

பதில்: ஆகும். தோராயமா சொன்னா, வேகம் 10% குறைஞ்சா ஒரு நாள் செலவு 27% குறையும், போய்ச் சேர நாள் கூடறதால மொத்த டிரிப்புக்கு 19% பக்கம் மிச்சம். ஆனா அடியில பாசியும் பார்னக்கிளும் ஒட்டியிருந்தா கணக்கு சரியா வராது. கப்பல் தினமும் மத்தியானம் அனுப்பற நூன் ரிப்போர்ட்ல வேகம் அதே, எண்ணெய் மட்டும் கூடிட்டே போகுதான்னு பாருங்க, போச்சுன்னா டைவரை அனுப்பி அடியைச் சுரண்டற நேரம் வந்தாச்சு.

கேள்வி: கப்பலைத் தண்ணியில்லாத இடத்துல நிறுத்தி அடியைப் பாக்கற டிரை டாக் எப்போ?

பதில்: வழக்கமா 5 வருஷத்துல ரெண்டு தடவை அடிப்பாகத்தைப் பாக்கணும், நடுவுல 36 மாசத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாது. ரிப்பேர் யார்டுல இடத்தை முன்னாடியே பிடிச்சு வைங்க, கடைசி நேரத்துல கேட்டா அவன் சொல்றதுதான் ரேட்டு.